டீசல் பட்ட விரல்

அந்த மதியம் பம்ப் ரூமில் இருந்தவர்கள்: கடை முதலாளி ஜேம்ஸ், பம்ப்பைப் பிரித்துக் கோர்க்கும் கஜபதி, அவனோடு வேலை செய்யும் எத்திராஜ், பாகங்களைக் கழுவித் தரும் கன்னியம்மாள், தன் லாரிக்காக வந்து காத்துக் கிடந்த டிரைவர் வேம்புலி. ஐந்து பேரும் பார்த்தார்கள். ஐந்து பேரும் சிரித்தார்கள், குத்துப்பட்டவன் உட்பட. ஐந்து பேருமே டீசலில் பிழைப்பவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கோடை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் போவதும் வருவதும் மாமியார் கோபம் மாதிரி, காரணம் கேட்க முடியாது. ஜேம்ஸின் கடை எஸ்டேட்டின் பின்பக்கம், லாரிகள் திரும்புகிற மண் ரோட்டில் இருந்தது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ஓர் அறை. அறைக்குள் பம்ப்பை ஏற்றி ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் பெஞ்சு, ஒரு மேஜை, டீசல் ஊற்றி வைத்த தட்டுகள். அந்த அறைதான் கடை. கொட்டகையில் நடப்பதெல்லாம் நட்டு கழற்றுவதும் மாட்டுவதும். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

டீசல் வண்டியில் தீப்பொறி கிடையாது. என்ஜின் காற்றை நசுக்குகிறது; நசுங்கின காற்று கொதிக்கிறது; அந்தக் கொதிப்பில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. எப்போது பீய்ச்சுவது, எவ்வளவு பீய்ச்சுவது என்று பார்த்துக்கொள்வது பம்ப். ஆறு சிலிண்டர் வண்டி என்றால் பம்ப்புக்குள் ஆறு பிளஞ்சர். சுண்டுவிரல் பருமனில் ஓர் எஃகுத் தண்டு, அவ்வளவுதான். அது ஏறி இறங்குகிற குழாய்க்குப் பேரல் என்று பெயர். தண்டுக்கும் குழாய்க்கும் இடையில் தலைமயிர் நுழையாது. தலைமயிரை நீளவாக்கில் பல துண்டாகக் கிழித்தால் அதில் ஒன்று நுழையலாம். கீழே ஓர் உருளை தள்ள, பிளஞ்சர் மேலே ஏறும். வழியெல்லாம் அடைபட்ட டீசல், போக வேறு இடம் இல்லாமல், மெல்லிய இரும்புக் குழாய் வழியாக நாசிலுக்கு ஓடும். நாசிலின் மூக்கில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். அதன் வழியாக என்ஜினுக்குள் புகையாகப் பாயும்.

பிளஞ்சரின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்பினால் டீசல் கூடும், எதிர்ப்பக்கம் திருப்பினால் குறையும். டிரைவர் காலை அழுத்தும்போது நடப்பது இந்தத் திருப்பல்தான். நான்தான் வண்டியை ஓட்டுகிறேன் என்று டிரைவர் நினைத்துக்கொண்டிருப்பான்.

பிளஞ்சரும் பேரலும் நாள்பட்டால் தேயும். தேய்ந்தது கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது. கை சொல்ல வேண்டும். கஜபதி பேரலின் வாயை இடது ஆள்காட்டி விரலால் மூடுவான். பக்கத்து ஓட்டைகளைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் அடைப்பான். வலது கையால் பிளஞ்சரை மெல்லக் கீழே இழுப்பான். நல்லதாக இருந்தால் உள்ளே வெறுமை உண்டாகி விரல் நுனித் தோலைப் பிடித்து இழுக்கும். விட்டால் பிளஞ்சர் டக்கென்று மேலே போகும். தேய்ந்ததாக இருந்தால் இழுப்பு தளர்ந்திருக்கும். எவ்வளவு தளர்ந்தால் தூக்கிப் போடுவது, எவ்வளவு தளர்ந்தால் இன்னொரு வருஷம் ஓட்டுவது என்பதில்தான் அவன் பிழைப்பு இருந்தது. தேய்ந்ததைத் தெரியாமல் மாட்டினால் பெஞ்சில் எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஆனால் என்ஜின் சூடாகி ஒரு தடவை நின்றால் திரும்பக் கிளம்பாது. லோடோடு நடுரோட்டில் நிற்கும்.

அந்த வேலைக்கு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை கஜபதியின் கைக்கு நல்ல பெயர். வேம்புலி கரையான்சாவடியிலிருந்து இத்தனை தூரம் வந்தது அதனால்தான்.

வேம்புலியின் லாரி கறுப்புப் புகை தள்ளியது. பம்ப்பைப் பெஞ்சில் ஏற்றி ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. பெஞ்சு நின்றது. வெறுமனே இருப்பதற்கு நாசில்களையாவது பார்ப்போம் என்று கஜபதி கை டெஸ்டரை ஜன்னலோரம் இழுத்தான். அதற்குக் கரண்ட் வேண்டாம். ஒரு நீளப் பிடியும் பிரஷர் காட்டும் முள்ளும் உள்ள சின்னக் கை பம்ப் அது. நுனியில் நாசிலை மாட்டிப் பிடியை அமுக்கினால் நான்கு ஓட்டையிலும் நான்கு புகைக்கோடு வர வேண்டும். எத்திராஜ் பிடியில் நின்றான். அறைக்குள் இருட்டும் புழுக்கமும். ஜேம்ஸ் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

வேம்புலி ஸ்டூலில் உட்கார்ந்து வாயை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா கஜா, காலைலேர்ந்து பாத்துகினு கீறேன், அத்த தொடைக்கிற, மோந்து பாக்கற, வெளிச்சத்துல புடிக்கிற. பம்ப் ரிப்பேரா பொண்ணு பாக்கிறியா?"

கஜபதி குனிந்து நாசிலைப் பார்த்தான். மூன்று கோடுதான் வருகிற மாதிரி இருந்தது. எந்த ஓட்டை அடைத்திருக்கிறது என்று பார்க்க ஓர் அட்டையைக் கீழே பிடிப்பது வழக்கம். அட்டையில் ஈரப்புள்ளி எங்கே விழவில்லையோ அந்த ஓட்டை. அட்டையைத் தேடினான். கன்னியம்மாள் அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். பழகின கை கேட்கவில்லை. ஈரம் படுகிறதா என்று பார்க்க இடது ஆள்காட்டி விரலை நாசிலுக்குக் கீழே நீட்டினான். எப்போதும் ஒரு ஜாண் தள்ளி நீட்டுகிறவன், வெளிச்சம் போதாததால் கிட்டத்தில் போனான்.

"அமுக்கு மச்சான்" என்றான்.

வேம்புலி அப்போது தன் கிளீனர் ஒருத்தன் டீசல் டேங்கில் தண்ணீர் ஊற்றின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எத்திராஜ் சிரித்துக்கொண்டே உடம்பு மொத்தத்தையும் பிடியில் போட்டு அமுக்கினான்.

கஜபதி "ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டான். விரல் நுனிக்குக் கொஞ்சம் கீழே பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தம் வரவில்லை. வலியும் இல்லை, ஒரு மரமரப்பு.

"இன்னா அண்ணாத்தே, கொசு கடிச்சிட்சா?" என்றான் வேம்புலி. சிரித்தார்கள். கஜபதியும் சிரித்தான்.

ஜேம்ஸ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். கன்னியம்மாள் புது டீசல் கொஞ்சம் தட்டில் ஊற்றி அவன் முன்னால் நகர்த்தினாள்.

"முக்கி வெய்யி. டீசல் பட்ட புண்ணு சீழ் புடிக்காது."

இதை அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எஸ்டேட்டில் அப்போது எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான். ஸ்பேனர் வழுக்கி முட்டி கிழிந்தால் டீசல். தகரம் அறுத்தால் டீசல். பஞ்சில் நனைத்து ஒற்றினால் எரியும், மறுநாள் காய்ந்துவிடும். கன்னியம்மாளின் விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. பதினைந்து வருஷமாக டீசலிலேயே கை ஊறுகிறது, ஒரு நாள் சீழ் வைத்ததில்லை. ஆகவே டீசல் குத்தின விரலைக் கஜபதி டீசலிலேயே முக்கி வைத்தான். பிறகு துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினான். அடைத்த ஓட்டையைக் கண்டுபிடித்தான். சாயங்காலம் வேம்புலியின் லாரி புகையில்லாமல் போயிற்று.

லாரி டயரில் இருக்கும் காற்றைப் போல இருபது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அந்த டீசல் வந்தது. தோல் அதற்கு ஒரு தடையே இல்லை. உள்ளே போனது விரலோடு நிற்காமல் நரம்பு ஓடுகிற உறை வழியாக உள்ளங்கை வரை இறங்கியிருந்தது. தோலின் மேல் பட்டால் மருந்து. தோலுக்குள் போனால் விஷம். அந்த வித்தியாசத்தை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது இடது பக்க பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. கஜபதியின் வீடு திருமுல்லைவாயிலில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரே வரிசையில் கட்டின நான்கு வாடகை வீடுகளில் கடைசி. மனைவி நாகவல்லி ஆவடி குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்குச் சமைக்கிறவள். அவள் விரலைப் பார்த்தாள். நுனி வீங்கி வெளுத்துப் போயிருந்தது.

"நகச்சுத்தி" என்றாள். "நாளெல்லாம் ஈரத்துல கைய வெச்சிகினு இருந்தா வேற இன்னா வரும்?"

ஓர் எலுமிச்சம்பழத்தைக் காம்புப் பக்கம் குடைந்து, மஞ்சள்தூள் திணித்து, விரல் நுனியில் தொப்பி மாதிரி மாட்டினாள். நகச்சுத்திக்கு அதுதான் வைத்தியம். எலுமிச்சம்பழத்தோடு கஜபதி சாப்பிட்டான், எலுமிச்சம்பழத்தோடு படுத்தான். விரலுக்குள் யாரோ அடைபட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி விடிய விடிய இடித்தது.

காலையில் தெருமுனை கிளினிக்குக்குப் போனான். டாக்டர் எழுதிக்கொண்டே என்ன குத்தியது என்று கேட்டார். டீசல் குத்தியது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குத்தியது, காற்று கிழித்தது என்று யாராவது சொல்வார்களா? பக்கத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கம்பி குத்திடுச்சு சார், இரும்பு" என்றான். இரும்பு என்றால் டி.டி. ஊசி. போட்டுக்கொண்டான். மாத்திரைகளை மடித்துக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனான். அன்றும் வேலை செய்தான், மறுநாளும் வேலை செய்தான். ஆள்காட்டி விரலைத் துணியால் சுற்றி மேலே தூக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் பிடித்தான். எதிரே யாருக்கோ வழி காட்டுகிற மாதிரி அது நீட்டிக்கொண்டே இருந்தது. அன்று கேலி செய்த எத்திராஜ் மறுநாள் கேலி செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னான். ஊசி போட்டாயிற்று, மாத்திரை இருக்கிறது, அதற்கு மேல் என்ன என்று கஜபதி சொல்லிவிட்டான். பிடிவாதம் என்று சொல்ல முடியாது. இவ்வளவு சின்னப் புள்ளிக்கு இதற்கு மேல் செய்வது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் துணியை மாற்றிக்கட்டச் சொல்லிக் கன்னியம்மாளிடம் கையை நீட்டினான். அவள் அவிழ்த்தாள். மூக்கைத் திருப்பிக்கொண்டாள். விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. உள்ளங்கை ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.

கன்னியம்மாள் எழுந்துபோய் ஜேம்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜேம்ஸ் ஸ்கூட்டரை எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு லேடி டாக்டர். அவளிடம் ஜேம்ஸ்தான் விவரம் சொன்னார். பம்ப் கம்பெனி ஒன்றில் பல வருஷம் இருந்தவர். அழுத்தக் கணக்கெல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் உள்ளங்கையை அழுத்தினாள். விரலிலிருந்த புள்ளியில் ஒரு சொட்டு வெளியே வந்தது. அவள் குனிந்து முகர்ந்தாள். உடனே ஆபரேஷனுக்கு எடுக்கச் சொன்னாள்.

கையைத் திறந்தபோது அறை முழுக்க பெட்ரோல் பங்க் வாசனை அடித்ததாக வார்டு ஆயா பிறகு நாகவல்லியிடம் சொன்னாள். ஆள்காட்டி விரல் அன்றே போயிற்று. நடுவிரலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அதுவும் போயிற்று. கை தப்பியது.

குத்தின அன்று சாயங்காலமே வந்து, கையைத் திறந்து கழுவியிருந்தால் விரல் தப்பியிருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னாள். பஸ் எத்தனை மணிக்குப் போயிற்று என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நாகவல்லி அவள் பின்னாலேயே வராந்தா வரைக்கும் போனாள்.

"எலுமிச்சம்பழம் வெச்சது தப்பா டாக்டரம்மா?"

"இல்லம்மா. அதனால ஒண்ணும் இல்ல."

நாகவல்லி நம்பவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்கவில்லை.

எத்திராஜ் தினமும் வந்தான். நூம்பலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, கட்டிலுக்கருகில் உட்கார்ந்து, மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போவான். ஒரு நாள் போகிற சமயத்தில் எழுந்து நின்றுகொண்டு சொன்னான்:

"நாந்தான மச்சான் அமுக்கனேன்."

"நாந்தான வெரல நீட்னேன். போ, பஸ் பூடும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு பேரும் அதை மறுபடி எடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது கஜபதி கடைக்குத் திரும்பினான். அறை மாறியிருந்தது. ஜேம்ஸ் அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தார். தூசி வராதபடி ஜன்னலை அடைத்து ஏ.சி. வைத்திருந்தார். சுவருக்கு வெள்ளை டைல்ஸ். கண்ணாடி வைத்த அலுமினியக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. கை டெஸ்டரைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு போட்டிருந்தார். கூண்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கஜபதிதான் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீன் தொட்டி மாரி கீதே" என்றான். கன்னியம்மாள் சிரிக்கலாமா என்று ஜேம்ஸைப் பார்த்தாள்.

முன்னால் பில் போடுகிற மேஜையில் உட்காரும்படி ஜேம்ஸ் கேட்டுக்கொண்டார். சம்பளத்தில் ஒன்றும் மாற்றம் இல்லை, ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது என்றார். கஜபதி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு உள்ளே போய் தன் பழைய இடத்தில் நின்றான். ஜேம்ஸ் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம் என்று பிற்பாடு அவர் நினைத்திருப்பார்.

இடது கையில் கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். நடுவில் காலி. முதல் வாரம் ஸ்பிரிங்குகள் தெறித்து மேஜைக்கடியில் ஓடின. இரண்டாம் வாரம் கொஞ்சம் குறைந்தது. எல்லாவற்றுக்கும் புது வழி கண்டுபிடித்தான். பேரலின் வாய்க்கு மோதிரவிரல். பக்கத்து ஓட்டைகளுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும். பம்ப்பைச் சரிபார்த்து முடித்ததும், டிரைவர்கள் கைவைக்காமல் இருக்க, டீசல் அளவை வைக்கிற திருகாணியைக் கம்பியால் கட்டி ஈயக்குண்டு வைத்து நசுக்குவார்கள். அதற்குக் கம்பியை இரண்டு கையாலும் முறுக்க வேண்டும். கஜபதியால் முறுக்க முடியவில்லை. ஒரு நுனியைப் பல்லில் கடித்து முடிச்சுப் போட்டான். ஆட்டைக் கட்டின மாதிரி இருக்கிறது என்று வேம்புலி ஒரு நாள் சொன்னான். இருக்கட்டும், ஆடு ஓடாது என்றான் கஜபதி.

நாளாக ஆக அவனுக்கு உடம்பு தேறியது. வீட்டில் பேச்சுக் கூடியது. வேலையில் ஒரு குறையும் இல்லை, வண்டி எதுவும் திரும்பி வரவில்லை என்று நாகவல்லியிடம் சொன்னான். அவள் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

வண்டி எதுவும் திரும்பி வரவில்லைதான்.

கார்த்திகையில் ஒரு காலை மழைக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பினான். கடை திறந்தாயிற்று. கன்னியம்மாள் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எத்திராஜ் டீ வாங்கப் போயிருந்தான். கஜபதி அறைக்குள் போய் விளக்கைப் போட்டான். வண்டிக்குப் போகத் தயாராக இருக்கிற பம்ப்புகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. மற்ற நாளில் அவன் வருவதற்குள் எத்திராஜ் அவற்றைச் சாக்கில் சுற்றிவிட்டிருப்பான். பூந்தமல்லித் தண்ணீர் லாரியின் பம்ப்பை முந்தின நாள் சாயங்காலம் அவன்தான் முடித்து, பல்லில் கடித்து, முடிச்சுப் போட்டு வைத்தான். இப்போது அதில் முடிச்சு இல்லை. கம்பி இரண்டு புரியாக அழகாக முறுக்கி, நுனி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

அடுத்த பம்ப்பைத் திருப்பினான். அதுவும் முறுக்கு. அதற்கடுத்ததும். மொத்த அலமாரியிலும் ஆட்டு முடிச்சு ஒன்றுகூட இல்லை.

எத்திராஜ் டீயோடு உள்ளே வந்தான். கஜபதி நின்ற இடத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான். முடிச்சு அவிழ்ந்துபோயிருந்தது, அதனால் முறுக்கினேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

"எத்தினி பம்ப்புடா?"

எத்திராஜ் டம்ளரைத் தேடினான்.

"எத்தினின்னு கேட்டேன்."

"எல்லாம்."

கஜபதி திரும்பி வந்த முதல் மாதமே இரண்டு வண்டிகள் நின்றிருக்கின்றன. ஒன்று பாடி பக்கத்தில், ஒன்று வேலப்பன்சாவடி தாண்டி. இரண்டும் சூட்டில் கிளம்பாமல் நின்றவை. தேய்ந்த பிளஞ்சரை நல்லதென்று வைத்துக் கோர்த்திருக்கிறான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் ஜேம்ஸ் பம்ப்புகளை வாங்கி வைத்து, எத்திராஜை விட்டுச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து தினமும் கஜபதி வீட்டுக்குப் போனதும் எத்திராஜ் உட்கார்ந்து, அவன் கோர்த்ததைப் பிரித்து, பார்த்து, மறுபடி கோர்த்து வைப்பது வழக்கமாகிவிட்டது. எத்திராஜ் சொல்ல விரும்பாமல்தான் இதையெல்லாம் சொன்னான், ஒவ்வொன்றாக, டம்ளரைத் துடைத்துக்கொண்டே.

"ஒன்னாண்ட சொல்ல வாணாம்னு சார் சொன்னாரு. எனக்கும் வாய் வர்ல, மச்சான்."

"எல்லாமே தேஞ்சதா?"

"எல்லாம் இல்ல. பாதி நல்லாதான் கீது. எந்தப் பாதின்னு தெரிலயே."

இதற்குக் கஜபதி கோபப்படவில்லை. எந்தப் பாதி என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும்தான் பிரிக்க வேண்டும். அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். அவன் டீயைக் குடித்தான். பிறகு ஒரு புது எலிமெண்ட்டையும் கழித்துப்போட்ட பழையது ஒன்றையும் எடுத்துக் கழுவும்படி எத்திராஜிடம் சொன்னான். பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த ஜோடிக்கு எலிமெண்ட் என்று பெயர். எத்திராஜ் வேண்டாம் என்றான். கஜபதி கையை நீட்டிக்கொண்டு நின்றான். எத்திராஜ் கழுவினான்.

கஜபதி கண்ணை மூடிக்கொண்டான். முதலில் வந்ததை வாங்கி, மோதிரவிரலால் வாயை மூடி, ஓட்டைகளை அடைத்து, மெல்ல இழுத்தான். இழுப்பு இருந்தது. திருப்பிக் கொடுத்தான். இரண்டாவதை வாங்கி இழுத்தான். இழுப்பு இருந்தது. முதலாவதை மறுபடி கேட்டான். எட்டி நீட்டின சுண்டுவிரல் ஓட்டையைச் சரியாக அடைக்கிறதா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. மோதிரவிரலில் ஆபரேஷன் தழும்பு விழுந்த தோல்; டீசலின் ஈரம் தெரிகிறது, குளிர்ச்சி தெரிகிறது, பிடித்து இழுப்பது மட்டும் எங்கோ அடுத்த வீட்டில் நடப்பது மாதிரி வருகிறது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவன் முதுகில் வேர்த்தது.

இரண்டாவதை மூன்றாம் தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கையை மூடிக்கொண்டு, "இது புச்சு" என்றான்.

"ஆமா மச்சான்" என்றான் எத்திராஜ். "கரீட்டா சொல்லிட்ட."

கஜபதி கண்ணைத் திறந்தான். பிளஞ்சரை உருவி விளக்குக்கு நேரே பிடித்தான். சாய்வு வெட்டுக்கு மேலே, டீசல் அரித்து அரித்து, பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. இரண்டு வருஷமாவது ஓடியிருக்கும்.

எத்திராஜ் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஜபதி பிளஞ்சரை அதன் பேரலுக்குள்ளேயே விட்டான். கழித்துப்போட்டதை வைக்கிற தட்டில் வைத்தான். கந்தைத்துணியில் கையைத் துடைத்தான், வலது கையை முதலில், பிறகு மற்றதை. ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தான்.

"எங்க போற? சார் வர்ட்டும்" என்றான் எத்திராஜ். "பேசிக்கலாம்."

"வந்தா அவரு எதாச்சும் சொல்லணும். இன்னா சொல்லுவாரு, பாவம்."

"முன்னால மேஜ கீது, மச்சான். சார் அன்னிக்கே சொன்னாருல்ல."

கஜபதி யோசித்துப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி, ஃபேன். இந்தப் பக்கம் எத்திராஜ் விரலால் பேரலை மூடி இழுப்பது நாள் முழுக்கத் தெரியும். குவார்ட்டர்ஸ் கேட்டில் வாட்ச்மேன் வேலை இருப்பதாக நாகவல்லி ஆஸ்பத்திரியிலேயே ஒரு தடவை சொல்லியிருந்தாள். அப்போது அவளைத் திட்டியிருந்தான்.

"நாகவல்லியாண்ட நீ எதுவும் சொல்லாத. நான் சொல்லிக்கறேன்."

எத்திராஜ் தலையை ஆட்டினான். அவனுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. கஜபதி அதைப் பார்க்காமல் கதவைத் தள்ளி வெளியே வந்தான். தூறல் தொடங்கியிருந்தது. கொட்டகையில் கன்னியம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவனையும் பையையும் பார்த்தாள். அப்போதுதான் ஒரு லாரி ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் புகையும் சேற்று வாடையும் கொட்டகைக்குள் ஏறின. எத்திராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சாத்திக்க" என்றான் கஜபதி. "தண்ணி லாரி பம்ப்புக்கு இன்னிக்கி ஆள் வரும்."

அலுமினியக் கதவு நிலையில் போய்ப் பொருந்தியது. உள்ளேயிருந்து எத்திராஜ் சாவியைத் திருப்பினான்.